எட்டு முதல் பதினான்கு மைக்ரான்

ஊரின் பெயர் கூர்.
எழுதுவது வேறு மாதிரி, உச்சரித்தால் தமிழ்.
ஜனவரி, காலை ஐந்தரை, மைனஸ் பதினொன்று.
பெயர் பொருந்துகிறது.

சூரியன் வருமுன் முடித்தாக வேண்டும்.
வெயில் பட்ட சுவர் எங்களுக்கு உதவாது.
யார் கொடுத்த சூடு, உள்ளிருந்தா வெளியிலிருந்தா
என்று அதற்கே மறந்துவிடும்.

ஃப்ளூரின் வண்டியை நிறுத்துகிறான்.
பின்னிருக்கையில் கேமரா, என் கையுறை, அவனுடைய காப்பிக் குடுவை.
நான்கு மாடி, முப்பத்திரண்டு ஜன்னல்.
எந்த வீடு தெருவுக்குச் சூடு போடுகிறது என்று
நகராட்சிக்கு நாங்கள் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடியில் எல்லா விளக்கும் எரிகின்றன.
(எரிகின்றன என்பது பழக்கதோஷம்.
நேற்று தெருமுனைச் சிக்னலில்
பனி அப்பிக்கொண்டு சிவப்பு மறைந்துபோனது.
பழைய குண்டு பல்பு தானே உருக்கியிருக்கும்.
புதியது கஞ்சன், வெளிச்சத்துக்கு மேல் ஒரு காசு தராது.
ஃப்ளூரின்தான் இறங்கித்
துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டான்.)

திரையில் அந்த வீடு நீலம்.
பக்கத்து வீடு, விளக்கே இல்லாதது,
செங்கல் செங்கலாக மஞ்சள் கசிகிறது,
ஜன்னல் இடுக்கில் வெள்ளைக் கோடு.
யாரோ ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு
இருட்டில் தூங்குகிறார்கள்.

கண்ணாடியை மட்டும் கேட்டுப் பயனில்லை.
வெளிச்சத்துக்கு வழிவிடும் அதே கண்ணாடி
இந்தக் கேமராவுக்குப் பாதிச் சுவர், பாதி முகம் பார்க்கும் கண்ணாடி.
கீழ்த்தளத்தில் குனிந்து பார்த்தால்
குல்லாய் போட்ட ஆரஞ்சு உருவம்
என்னைக் குனிந்து பார்க்கிறது.
மூக்கு மட்டும் ஊதா.

பித்தளைக் கதவுப்பிடியும் பொய் சொல்லும்.
பளபளப்பவை தம் சூட்டை மறைத்து
அடுத்தவர் சூட்டைக் காட்டும்.
விரல் நீளக் கறுப்பு நாடா ஒட்டினேன்.
நாடா உண்மையைச் சொன்னது.

தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டா,
கேட்டான் ஃப்ளூரின், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
உண்டே, ஒளி வேறு வெப்பம் வேறு, என்றேன்.
சொன்ன பிறகுதான் வெயில் நினைவுக்கு வந்தது.
கண்ணைக் கூசவைப்பதும் முதுகைச் சுடுவதும்
அதற்குள் பிரியாமல் கிடக்கின்றன.
போதாததற்கு, நிலாவும் காய்கிறது,
துணி காய்கிறது, வயிறு காய்கிறது,
நெருப்பருகே நாம் குளிர் காய்கிறோம்.
அவனுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி
வயிற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தம். ஐந்து ஐம்பத்திரண்டு போய்விட்டது.
மரப்பலகை இருக்கையில் யாரும் இல்லை.
சும்மா கேமராவைத் திருப்பினேன்.
இரண்டு தொடைகளின் அகலத்தில்
மஞ்சள் திட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.
அருகில், ஊன்றி எழுந்த கையின் ஐந்து விரல்.

அவர்மேல் பட்டுத் தெறித்த விளக்கொளி
அவருக்காகக் காத்திருக்கவில்லை,
வானம் பார்த்துப் போனது இந்நேரம் நிலவைத் தாண்டியிருக்கும்.
மரம் அப்படியில்லை.
துகளைத் துகள் இடித்து, கைமாற்றி, கைமாற்றி,
கொடுத்தவர் போன பின்னும்
கணக்கை முடிக்காமல் வைத்திருக்கிறது.

தெரியும், திரையில் வருவதும் ஒளிதான்.
எட்டு முதல் பதினான்கு மைக்ரான்,
நம் கண் பிடிக்காத ஒளி.
சூட்டை நேரில் பார்த்தவர் இல்லை.
அது போடும் கடிதத்தைப் படிக்கிறோம், அவ்வளவே.

விரல்கள் முதலில் போயின, சுண்டுவிரலில் தொடங்கி.
திட்டு பச்சையாகி நீலத்தை நெருங்கியபோது
படம் எடுத்தாயா என்றான்.
இல்லை. நகராட்சி கேட்கவில்லை.

கையுறையைக் கழற்றி அந்த இடத்தைத் தொட்டேன்.
பலகை. குளிர்ந்த பலகை.
இன்னும் பதினொரு ஜன்னல்.
இரண்டு மணி நேரத்தில் மலைக்கு மேலே வெளிச்சம் வரும்,
அதை வெயில் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஃப்ளூரின் குடுவையைத் திறந்தான்.
ஆவி எழுந்தது.
கேமராவை இறக்கிவிட்டு
தெருவிளக்கில் பார்த்தேன்.